குழாய் நீரில் இருந்த சுண்ணாம்பு: தோலின் அரணும் கால்சியமும்

1882ஆம் ஆண்டில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் மருத்துவப் பேராசிரியர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து உப்புக் கரைசலில் வைத்து அதன் துடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். எளிய உப்புக் கரைசலிலேயே இதயம் நெடுநேரம் துடித்தது. அவ்வாறே அவர் எழுதி வெளியிட்டும் விட்டார். பின்னர்தான் உண்மை தெரியவந்தது. கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை. நகருக்குக் குடிநீர் வழங்கிய நிறுவனத்தின் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது. காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசலில் இதயம் விரைவில் அடங்கிப்போயிற்று. குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியம்தான் துடிப்பைக் காத்தது. 1883இல் ரிங்கர் தம் பிழையைத் தாமே அச்சில் திருத்தினார். உயிரணுக்களின் வாழ்வில் கால்சியத்துக்குள்ள பங்கைப் பற்றிய நவீன ஆய்வு அந்தத் திருத்தத்திலிருந்து தொடங்குகிறது எனலாம்.

சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'கால்சியம்' என்ற பெயரை ஹம்ப்ரி டேவி உருவாக்கியது 1808இல். தமிழ்ப் பாடநூல்கள் அதைச் 'சுண்ணாம்புச் சத்து' என்றே நெடுங்காலம் அழைத்தன. இரண்டு பெயர்களும் எலும்பையும் பல்லையும் சுவரையும் நினைவூட்டுபவை; இறுகி நிற்கும் பொருள்களின் பெயர்கள். தோலைப் போன்ற மென்மையான, நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படும் உறுப்பில் கால்சியத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி எழ ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

அதற்கான முதல் தடயம் தோலில் கிடைக்கவில்லை, கடலில் கிடைத்தது. 1900இல் ஜெர்மானிய உயிரியலாளர் கர்ட் ஹெர்ப்ஸ்ட், கால்சியம் நீக்கப்பட்ட கடல்நீரில் கடல் முள்ளெலியின் கருக்களை இட்டார். பிளவுற்று வளர்ந்துகொண்டிருந்த கருவின் உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. இயல்பான கடல்நீருக்குத் திரும்பியதும் மீண்டும் இணையும் இயல்பு பெற்றன. உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கால்சியம் தேவை என்பது தெளிவாயிற்று; எந்த மூலக்கூறு அவற்றை ஒட்டுகிறது என்பது தெரியவில்லை.

விடை வந்தது 1970களில், மீண்டும் ஒரு கரைசலின் வேறுபாட்டால். கியோட்டோவிலிருந்து பால்டிமோருக்குச் சென்ற ஜப்பானிய ஆய்வாளர் மசதோஷி தாக்கெய்ச்சி, தம் நாட்டில் எளிதில் ஒன்றுகூடிய உயிரணுக்கள் அங்கே ஒன்றுகூடாததைக் கண்டார். உயிரணுக்களைப் பிரிக்கப் பயன்பட்ட டிரிப்சின் கரைசலில், அந்த ஆய்வகத்தில், கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளும் சேர்க்கப்பட்டிருந்தது. கால்சியம் இருக்கும்போது டிரிப்சினுக்குத் தப்பும் ஓர் ஒட்டுப் புரதம், அது இல்லாதபோது சிதைந்துபோகிறது என்பதை அவர் உய்த்துணர்ந்தார். அப்புரதக் குடும்பத்துக்குக் 'காட்ஹெரின்' என்ற பெயர் 1984இல் அமைந்தது. கால்சியம், ஒட்டுதல் ஆகிய இரு சொற்களின் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. மேல்தோலின் உயிரணுக்களை ஆணியடித்தாற்போல் பிணைக்கும் டெஸ்மோசோம்களின் ஒட்டுப் புரதங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பின்னர் நிறுவப்பட்டது.

இதற்கிடையே தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் கலை கைகூடியிருந்தது. 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனித மேல்தோலின் கெரட்டினோசைட்டுகளை, எலி உயிரணுக்களின் துணையோடு, தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காட்டினர். தீக்காயமுற்றோருக்கு அவர்களுடைய தோலையே வளர்த்து ஒட்டும் சிகிச்சை இதன் வழியே பிறந்தது.

1980இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி ஹென்னிங்ஸ், ஸ்டூவர்ட் யுஸ்பா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தோலியலின் திருப்புமுனை ஆயிற்று. வளர்ப்பு ஊடகத்தில் கால்சியத்தின் செறிவை 0.1 மில்லிமோலாருக்கும் கீழே குறைத்தபோது, எலியின் மேல்தோல் உயிரணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவி, பெருகிக்கொண்டே இருந்தன. செறிவை 1 மில்லிமோலாருக்கு மேல் உயர்த்தியதும் காட்சி மாறியது. சில மணி நேரத்தில் டெஸ்மோசோம்கள் தோன்றின. உயிரணுக்கள் பெருகுவதை நிறுத்தின. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. முதிர்ந்து கொம்புப்பொருளாகி உதிர்ந்தன. அடித்தளத்தில் பிறந்து மேற்பரப்பில் மடியும் ஓர் உயிரணுவின் பயணத்தை ஒரே ஓர் அயனியின் அளவு திசைதிருப்ப முடிந்தது.

கண்ணாடித் தட்டில் நிகழ்வது உயிருள்ள தோலிலும் நிகழ்கிறதா? 1985இல் கோபிநாதன் மேனன், பீட்டர் எலியாஸ் முதலானோர் கால்சியத்தைப் பிடித்து நிறுத்தும் வீழ்படிவு முறையைக் கையாண்டு, மின்னணு நுண்ணோக்கியின் கீழ் அதன் இருப்பிடத்தைக் கண்டனர். அடி அடுக்கில் கால்சியம் குறைவு. மேலே செல்லச் செல்ல மிகுந்து, மணியடுக்கில் உச்சத்தை அடைகிறது. அதற்கும் மேலேயுள்ள உயிரற்ற கொம்படுக்கில் திடீரெனக் குறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த இரு செறிவுகளையும் இயற்கை ஒரே தோலின் கீழும் மேலுமாக அடுக்கி வைத்திருந்தது.

தோலின் முதற்பணி நீரைக் காப்பது. கொம்படுக்கின் உயிரணுக்கள் செங்கற்களாகவும் அவற்றிடையேயுள்ள கொழுப்பு சாந்தாகவும் நின்று அந்த அரணை அமைக்கின்றன. அரண் சிதைந்தால், கீழேயுள்ள மணியடுக்கு தன்னிடம் சேமித்திருக்கும் கொழுப்புப் பொதிகளை உடனே வெளியேற்றிப் பழுது பார்க்கிறது. அரண் உடைந்த செய்தி மணியடுக்குக்கு எப்படித் தெரிகிறது? 1992இல் எலியாஸ், கென்னத் ஃபைன்கோல்டு குழுவினர் எலிகளில் கண்ட விடை எளிமையானது. அரண் உடைந்ததும் நீர் கசிந்து வெளியேற, மணியடுக்கின் கால்சியமும் குறைகிறது. அந்தக் குறைவே செய்தி. உடைந்த தோலைக் கால்சியமும் பொட்டாசியமும் மிகுந்த கரைசலில் நனைத்தபோது பழுதுபார்ப்பு தடைப்பட்டது. ஆகவே தோலின்மேல் கால்சியத்தைப் பூசினால் அரண் வலுப்பெறும் என்று எளிதாக முடிவு கட்டிவிட முடியாது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது, எப்போது குறைகிறது என்பதே இங்கு முக்கியம்.

கருவிலும் இதே ஒழுங்கு தென்படுகிறது. எலியின் கருவில் கால்சியத்தின் இந்த அடுக்கமைவு தொடக்கத்தில் இல்லை. கருக்காலத்தின் கடைசி நாள்களில், தோலின் அரண் உருவாகும் வேளையில்தான் தோன்றுகிறது. மிகக் குறைமாதத்தில் பிறக்கும் மனிதக் குழந்தையின் தோல் வழியே நீரும் வெப்பமும் விரைந்து வெளியேறுவது, அரண் முற்றுப்பெறும் முன்பே அது உலகுக்கு வந்துவிட்டதால்தான். ஈரப்பதம் காக்கும் பேணுபெட்டி அந்த அரணுக்குப் பதிலாக நிற்கிறது.

1889இல் பாரிசில் ஜான் டாரியரும் பாஸ்டனில் ஜேம்ஸ் ஒயிட்டும் தனித்தனியே விவரித்த ஒரு பரம்பரைத் தோல்நோய்க்கு, நூற்றுப்பத்து ஆண்டுகள் காரணம் தெரியாதிருந்தது. உயிரணுக்கள் பிணைப்பு இழந்து பிரிய, தோலில் கரடுமுரடான, நாற்றமுடைய தடிப்புகள் எழும் நோய் அது. துன்புற்றோர் நோயோடு மனிதரின் விலகலையும் சுமந்தனர். 1999இல் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டது. உயிரணுவுக்குள், எண்டோபிளாச வலையில், கால்சியத்தை ஏற்றிச் சேமிக்கும் எக்கியே அதில் பழுதுபட்டிருந்தது. மறு ஆண்டே, ஹெய்லி சகோதரர்கள் 1939இல் விவரித்த மற்றொரு நோயின் காரணமும் தெரிந்தது. அது கோல்கி உறுப்பின் கால்சிய எக்கி. மேல்தோலின் கால்சியத்தில் பெரும்பகுதி உயிரணுக்களுக்கு வெளியே இல்லை, உள்ளேயுள்ள சேமிப்பறைகளில்தான் உள்ளது என்று 2010இல் ஒளிர்வு அளவீடுகள் காட்டியபோது, இவ்விரு நோய்களும் கூறியது உறுதிப்பட்டது. அசுத்தத்தாலோ ஒழுக்கக்கேட்டாலோ வந்ததாக ஐயுறப்பட்ட ஒரு நோய், ஓர் எக்கியின் பழுது என்றாயிற்று.

டாரியர் நோயில் பழுதுபடும் அதே மரபணுதான் இதயத் தசையின் கால்சிய எக்கியையும் தருகிறது. ஆயினும் அந்நோயாளர் பெரும்பாலோரின் இதயம் சீராகவே துடிக்கிறது. தோல் மட்டும் தளர்கிறது. மரபணுவின் இரு நகல்களில் நலமாக எஞ்சிய ஒன்று இதயத்துக்குப் போதுமானதாக இருக்கையில் தோலுக்கு ஏன் போதவில்லை என்பது இன்னும் முற்றாக விளங்கவில்லை. ரிங்கரின் தவளை இதயத்தில் தொடங்கிய கேள்வி, அதே எக்கியின் வழியே இன்று தோலின்மேல் வந்து நிற்கிறது.