‘றோபோ’: ஒரு சொல்லும் உழைப்பின் வரலாறும்

‘றோபோ’ என்ற சொல்லை இன்று அறியாதார் இலர். தொழிற்சாலையிலே மோட்டார் வண்டிகளின் பாகங்களைப் பொருத்தும் இயந்திரக் கையையும், சிறுவரின் விளையாட்டுப் பொம்மையையும் நாம் இப்பெயராலேயே சுட்டுகின்றோம். இயந்திர யுகத்தின் புத்தம்புதுச் சொல் இது என்று எண்ணுவோர் பலர். ஆயின் இதன் வரலாற்றைத் துருவிச் சென்றால், ஐரோப்பிய நிலப்பிரபுக்களின் வயல்களிலே போய் நிற்போம்.

செக் எழுத்தாளரான கரெல் சாப்பெக், 1920 இல் ‘ஆர். யூ. ஆர்.’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். மனிதருக்காக வேலை செய்யவெனச் செயற்கையாக உருவாக்கப்படும் உயிர்களைப் பற்றிய நாடகம் அது. அவ்வுயிர்கள் இரும்பாலானவையல்ல; தசை போன்றதொரு பொருளாற் செய்யப்பட்டவை. அவற்றுக்கு இலத்தீன் மொழியில் உழைப்பைக் குறிக்கும் ‘லபோர்’ என்னும் சொல்லிலிருந்து ஒரு பெயரை ஆக்கவே சாப்பெக் முதலில் எண்ணினார். அது ஏட்டுச்சொல்லாகத் தோன்றவே, ஓவியரான தம் தமையன் யோசெப்பிடம் கேட்டார். ‘றோபோட்’ என்ற பெயரைச் சொன்னவர் யோசெப்பே என்பதைக் கரெல் 1933 இல் எழுதிய குறிப்பொன்றினால் அறிகின்றோம். 1921 இல் பிராக் நகரிலும், 1922 இல் நியூயோர்க்கிலும், 1923 இல் இலண்டனிலும் நாடகம் மேடையேறிற்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜேர்மனும் அப்பெயரை மொழிபெயர்க்காது அப்படியே ஏற்றன.

செக் பார்வையாளருக்கோ இது புதுச்சொல்லன்று. ‘றொபொத்தா’ என்பது அவர்தம் பாட்டன்மார் அனுபவித்த கொடுமையின் பெயர். ஹப்ஸ்பேர்க் பேரரசின் கீழிருந்த பொஹீமியாவிலே, குடியானவன் கூலியின்றிப் பிரபுவின் நிலத்தில் உழுது, விதைத்து, அறுத்துக் கொடுக்கவேண்டிய கட்டாய ஊழியமே றொபொத்தா. ஆட்சி செய்தோரின் ஜேர்மன் மொழியும் ‘றோபோட்’ எனவே அதனைச் சட்ட ஏடுகளில் எழுதிக்கொண்டது. 1775 இல் பொஹீமியக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே மரியா தெரேசா அரசி விடுத்த கட்டளை, இவ்வூழியத்துக்கு வாரத்தில் மூன்று நாள் என உச்சவரம்பு விதித்தது. 1781 இல் இரண்டாம் யோசெப் மன்னன் பண்ணையடிமை நிலையை ஒழித்தபோதும் றொபொத்தா ஒழியவில்லை. 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின்போதே, குடியானவரின் மகனான ஹான்ஸ் குட்லிக் வியன்னாப் பாராளுமன்றத்திற் கொணர்ந்த பிரேரணையின் பயனாக அது சட்டத்தால் நீங்கியது. அப்பொழுதும் பிரபுக்களுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. அதில் ஒரு பகுதியைச் சுமந்தவர்கள் குடியானவர்களே என்பது நோக்கற்பாலது.

செக் மொழியின் உறவு மொழிகளும் இதே கதையைக் கூறுகின்றன. பழைய திருச்சபை ஸ்லாவிய மொழியில் ‘றாப்’ என்றால் அடிமை. ‘றபோத்தா’ என்றால் அடிமைத்தனம். இன்றைய ரஷ்ய மொழியிலும் றாப் அடிமையே. றபோத்தா மட்டும் எல்லா வகை வேலைக்கும் பொதுப்பெயராயிற்று. உழைப்பவன் அடிமையாகவே இருந்த காலத்திற் பிறந்த சொல், அவன் நிலை மாறிய பின்னரும் வழக்கொழியவில்லை.

இன்னும் ஆழமாகச் சென்றால் வியப்பு மிகும். கிரேக்கத்தில் ‘ஓர்பனொஸ்’ என்றால் அநாதை. இலத்தீனில் ‘ஓர்புஸ்’ என்றால் இழந்தவன். ஜேர்மனில் ‘எர்பே’ என்றால் பரம்பரைச் சொத்து. ‘ஆர்பைற்’ என்றால் வேலை. இவை யாவும் ஸ்லாவியச் சொற்களோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்பது மொழிநூலார் பலரின் கொள்கை. பெற்றோரை இழந்தவன் அநாதை. இறந்தோர் விட்டுச்சென்றது ஒருவனுக்குக் கிடைத்தால் அது சொத்து. ஒன்றும் கிடைக்காதவன் பிறர் வீட்டில் உழைக்க விடப்படுகின்றான். உடையவனும் இல்லாதவனும் ஒரு வேரிலிருந்தே இரு கிளைகளாகப் பிரிந்ததை இச்சொற்களிற் காண்கின்றோம். 1200 ஆம் ஆண்டளவில் எழுந்த ‘நிபெலுங்கர்’ காவியத்தின் முதற்செய்யுளில் ‘ஆர்பைற்’டின் பழைய வடிவம் துன்பம் என்ற பொருளிலேயே வருகின்றது.

எனினும் சொல்லின் பொருளைப் பிரபுக்கள் மட்டுமே வகுத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. போலந்துச் சோஷலிஸ்டுகள் 1894 இல் தொடங்கிய பத்திரிகைக்குத் தொழிலாளி எனப் பொருள்படும் ‘றொபொத்னிக்’ என்று பெயரிட்டனர். 1914 இல் ரஷ்யப் பெண் தொழிலாளருக்கென எழுந்த சஞ்சிகை ‘றபோத்னித்சா’ எனப்பட்டது. அடிமையின் பெயரிலிருந்து கிளைத்த சொல்லை உழைப்பாளர் தம் கொடியிலே பொறித்தனர். அதே வேளை, உழைப்பு விடுதலை தரும் என்ற வாசகத்தை ‘ஆர்பைற்’ என்னும் சொல்லை முதலாகக் கொண்டு அவுஷ்விற்ஸ் முகாமின் வாயிலில் எழுதிவைத்த நாஜிகளும் இருந்தனர். ‘றோபோட்’ என்ற பெயரை உலகுக்கு அளித்த யோசெப் சாப்பெக், 1945 இல் பேர்கன் பெல்சன் என்னும் மற்றொரு நாஜி முகாமிலேயே மாண்டார்.

சாப்பெக்கின் நாடகத்தில், ஆலை முதலாளிகள் றோபோக்களை விரும்புவதற்கு ஒரே காரணம் அவை மலிவான வேலையாட்கள் என்பதே. இறுதியில் அவை கிளர்ந்து மனிதகுலத்தை அழிக்கின்றன. ஒருவனை மட்டும் விட்டுவைக்கின்றன. தங்களைப்போற் கையால் வேலை செய்பவன் என்பதற்காக. இயந்திரங்கள் மனிதரின் வேலையைப் பறித்துவிடுமோ என்ற அச்சம் இன்று எங்கும் பேசப்படுகின்றது. இயந்திரம் தானாக எவர் வேலையையும் பறிப்பதில்லை. றொபொத்தா நடந்த வயலிலே நிலம் யாருடையது என்ற கேள்வி எத்துணை அடிப்படையானதோ, றோபோ இயங்கும் ஆலையிலே இயந்திரம் யாருடையது, அதன் பயன் யாரைச் சேர்கின்றது என்ற கேள்வியும் அத்துணை அடிப்படையானது. நம் வகுப்பறைகளில் இச்சொல் எழும்போதெல்லாம் இக்கேள்வியையும் சேர்த்து எழுப்புதல் நம் கடனாகும்.