காட்சில்லா (1954 திரைப்படம்)

காட்சில்லா (ஜப்பானிய மொழியில் கோஜிரா) என்பது நவம்பர் 3, 1954 அன்று ஜப்பானில் வெளியான கறுப்பு வெள்ளைத் திரைப்படமாகும். இஷிரோ ஹோண்டா இயக்கிய இப்படத்தைத் தோஹோ நிறுவனம் தயாரித்தது. நீர்க்குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து கிளப்பப்பட்ட பழங்கால விலங்கொன்று டோக்கியோ நகரை அழிப்பதே இதன் கதை. ஜப்பானிய மொழியில் 'கைஜு' எனப்படும் பேருருவ விலங்குத் திரைப்பட வகைக்கு இப்படமே அடித்தளம் இட்டது. வெளிவந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் இப்படம் தொடர்ந்து பார்க்கப்பட்டும் ஆராயப்பட்டும் வருகின்றது.

படக்குழு

- இயக்கம்: இஷிரோ ஹோண்டா
- தயாரிப்பு: டொமோயுக்கி தனாகா
- சிறப்புக் காட்சிகள்: எய்ஜி சுபுராயா
- இசை: அக்கிரா இஃபுகுபே
- ஒளிப்பதிவு: மசாவோ தமாய்
- நடிப்பு: அக்கிரா டக்கராடா, மொமொக்கோ கோச்சி, அகிஹிக்கோ ஹிராட்டா, டக்காஷி ஷிமுரா
- ஓட்டம்: 96 நிமிடங்கள்

பின்னணி

மார்ச் 1, 1954 அன்று ஐக்கிய அமெரிக்கா பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் நீர்க்குண்டு ஒன்றை வெடித்துச் சோதனை செய்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன் ஆகும். இது அறிவியலாளர்கள் முன்கூட்டிக் கணித்ததை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாகும். அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'டைகோ ஃபுக்குரியு மாரு' என்னும் ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் வானொலி இயக்குநரான அய்க்கிச்சி குபோயமா செப்டம்பர் 23, 1954 அன்று உயிரிழந்தார். இதனை அடுத்து ஜப்பானில் எழுந்த அணுகுண்டு எதிர்ப்பு இயக்கத்தில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்கள் அழிக்கப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1952 வரை நீடித்த நேச நாடுகளின் ஆட்சிக்காலத்தின் முற்பகுதியில் அணுகுண்டுப் பாதிப்புகள் பற்றிய செய்திகளும் படங்களும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. ஆகவே இத்துயரைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வாய்ப்பு அம்மக்களுக்கு அண்மையிலேயே கிட்டியிருந்தது.

இவ்வேளையில் இந்தோனேசியாவில் எடுக்கத் திட்டமிட்டிருந்த படமொன்று கைவிடப்பட்டதால், தனாகா அதற்கு மாற்றாக வேறு ஒரு படத்தை விரைவில் உருவாக்க வேண்டியவரானார். 1933 இல் வெளியான கிங் காங் திரைப்படம் 1952 இல் மீண்டும் திரையிடப்பட்டு வெற்றி பெற்றிருந்தது. அதனுடன் மீனவப் படகுச் செய்தியும் சேர்ந்தே இப்படத்தின் கரு உருவானது. போரில் படைவீரராக இருந்த ஹோண்டா, 1946 இல் சீனாவிலிருந்து நாடு திரும்பியபோது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். 'கோஜிரா' என்னும் பெயர் கொரில்லாவைக் குறிக்கும் 'கொரிரா', திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' ஆகிய இரு சொற்களின் சேர்க்கையாகும்.

கதைச் சுருக்கம்

கடலில் தோன்றும் பேரொளியில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து மூழ்குகின்றன. ஓடோ தீவை ஒரு புயல் இரவில் ஏதோ ஒன்று தாக்குகின்றது. அங்கு ஆய்வுக்குச் செல்லும் தொல்லுயிரியலாளர் யமனே கதிரியக்கம் கொண்ட பெரிய காலடித் தடத்தைக் காண்கிறார். நீர்க்குண்டுச் சோதனைகளால் இருப்பிடம் இழந்த தொல்விலங்கே அது என்பது அவர் முடிவு. இச்செய்தியை மக்களுக்கு அறிவிக்கலாமா, மறைக்கலாமா என்று நாடாளுமன்றக் குழுவில் கடும் வாக்குவாதம் நிகழ்கின்றது.

கடற்படையின் குண்டுகளும் உயர் மின்னழுத்தக் கம்பி வேலியும் பயன் தரவில்லை. காட்சில்லா டோக்கியோவை ஒரே இரவில் தீக்கிரையாக்குகின்றது. யமனேயின் மகள் எமிக்கோவுக்கு மணம் பேசப்பட்டிருந்த அறிவியலாளர் செரிசாவா, நீரில் உள்ள ஆக்சிசனை அழித்து உயிர்களைக் கொல்லும் பொருளொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அது புதிய போர்க்கருவியாகிவிடும் என அஞ்சி அதனை மறைத்து வைத்திருக்கிறார். நகரின் அவலத்தைக் கண்ட பின்னர் ஒரே ஒருமுறை அதனைப் பயன்படுத்த இசைகிறார். தம் ஆய்வுக் குறிப்புகள் அனைத்தையும் எரித்துவிட்டுக் கடலடிக்குச் சென்று காட்சில்லாவை அழிக்கும் அவர், தம் உயிர்க்கயிற்றையும் அறுத்துக்கொண்டு இறக்கிறார். தம் நினைவிலுள்ள சூத்திரம் எவர் கைக்கும் போகக்கூடாது என்பதே அதற்குக் காரணம். சோதனைகள் தொடர்ந்தால் வேறொரு காட்சில்லா தோன்றக்கூடும் என்னும் யமனேயின் எச்சரிக்கையுடன் படம் முடிகின்றது.

உருவாக்கம்

கிங் காங் திரைப்படத்தில் சிறு பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடிக்கும் முறை பயன்படுத்தப்பட்டது. அப்படத்தால் ஈர்க்கப்பட்டவரான சுபுராயாவுக்கு அம்முறையைக் கையாளப் போதிய காலம் கிடைக்கவில்லை. எனவே ரப்பர் உடுப்பு அணிந்த நடிகர் ஒருவரைச் சிற்றுரு நகரத்தினுள் நடக்கவிடும் முறையை மேற்கொண்டார். ஹருவோ நகஜிமா, கட்சுமி டெசுகா ஆகிய இருவரும் இவ்வேடத்தை ஏற்றனர். முதலில் செய்யப்பட்ட உடுப்பு சுமார் 100 கிலோகிராம் எடை கொண்டிருந்தது. அதை அணிந்து நடப்பது மிகக் கடினமாக இருந்ததால் அது இரண்டாக வெட்டப்பட்டு, உடலின் ஒரு பகுதி மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. விளக்குகளின் வெப்பத்தால் நடிகர்கள் சில நிமிடங்களுக்கு மேல் உடுப்பினுள் இருக்க இயலவில்லை.

கதையில் காட்சில்லாவின் உயரம் 50 மீட்டர். உடுப்பு அணிந்த நடிகரின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே கட்டடங்கள் 25 இல் 1 பங்கு என்னும் அளவில் அமைக்கப்பட்டன. உருவளவைக் குறைத்தால் மட்டும் பெருமைத் தோற்றம் வந்துவிடாது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 3.2 நொடிகள் ஆகும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு 0.64 நொடியே போதும். உயரம் 25 மடங்கு குறையும்போது விழும் நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்கு குறைகின்றது. எனவே இயல்பான வேகத்தில் படம்பிடித்தால் இடியும் கட்டடம் பொம்மை போலவே தோன்றும். வழக்கமான 24 சட்டங்களுக்கு மாறாக நொடிக்குப் பல மடங்கு சட்டங்களைப் பதிவு செய்து, பின்னர் இயல்பு வேகத்தில் ஓட்டினால் அசைவுகள் மெதுவாகிப் பேருருவின் எடை புலப்படும். சுபுராயாவின் குழுவினர் சிற்றுருக் காட்சிகளை இவ்வாறு மிகுவேகத்திலேயே படம்பிடித்தனர். காட்சில்லாவின் மூச்சில் உருகும் மின்கோபுரங்கள் மெழுகால் செய்யப்பட்டவை.

காட்சில்லாவின் முழக்கம் எந்த விலங்கின் குரலும் அன்று. டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் தளர்த்திய நரம்பைப் பிசின் பூசிய தோல் கையுறையால் தேய்த்து, அவ்வொலியின் வேகத்தை மாற்றி இஃபுகுபே அதனை உருவாக்கினார்.

வரவேற்பும் அமெரிக்கப் பதிப்பும்

ஜப்பானில் ஏறத்தாழ 96 இலட்சம் பேர் இப்படத்தைக் கண்டனர். எனினும் விமர்சகர்களின் கருத்துகள் பலவாறாக இருந்தன. நாட்டின் துயரத்தை வணிகமாக்குகின்றது எனச் சிலர் குறை கூறினர்.

1956 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பதிப்பு பெரிதும் மாற்றப்பட்டிருந்தது. ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் புதிதாகப் படம்பிடித்துச் சேர்க்கப்பட்டது. படத்தின் நீளம் 80 நிமிடங்களாகக் குறைந்தது. நாகசாகியிலிருந்து தப்பி வந்ததாக ஒரு பெண் தொடர்வண்டியில் கூறும் காட்சி நீக்கப்பட்டது. யமனேயின் இறுதி எச்சரிக்கைக்குப் பதிலாக, உலகம் மீண்டும் நிம்மதி அடைந்தது என்னும் பொருள்படும் முடிவுரை சேர்க்கப்பட்டது. இதனால் ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலானோர் இதனை வெறும் விலங்குப் படமாகவே அறிந்திருந்தனர். மூலப்பதிப்பு 2004 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகத் திரையிடப்பட்டது. அதன் பின்னரே அங்கு இப்படத்தின் மீதான மதிப்பீடு பெருமளவு மாறியது.

நீடித்த ஈர்ப்புக்கான காரணங்கள்

1931 இல் வந்த பிராங்கென்ஸ்டைன் முதலாகப் பல பழைய அரக்கப் படங்கள் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அவற்றுக்குரிய பொதுவான காரணங்கள் சில காட்சில்லாவில் தெளிவாகக் காணப்படுகின்றன.

கறுப்பு வெள்ளை: நகர அழிவுக் காட்சிகள் பெரும்பாலும் இரவில் நிகழ்கின்றன. இருளும் புகையும் சிற்றுருக்களின் குறைகளை மறைக்கின்றன. வெவ்வேறாகப் பதிவு செய்த காட்சிகளை ஒன்றிணைக்கும்போது நிற வேறுபாடு தோன்றும் சிக்கலும் இல்லை. மேலும், போர்க்காலச் செய்திப்படங்கள் கறுப்பு வெள்ளையிலேயே இருந்தமையால் மருத்துவமனைக் காட்சிகள் உண்மை நிகழ்வின் பதிவுகள் போலத் தோன்றுகின்றன.

இரக்கம்: பிராங்கென்ஸ்டைனின் படைப்பும் கிங் காங்கும் தாமே விரும்பி மனிதரிடையே வந்தவர்கள் அல்லர். காட்சில்லாவும் அவ்வாறே குண்டினால் இருப்பிடத்தை இழந்த உயிர். அதனைக் கொல்லாமல் ஆராய வேண்டும் என்று யமனே வேண்டுகிறார். இறுதியில் அது இறக்கும்போது ஒலிக்கும் இசையில் வெற்றிக் களிப்பு இல்லை.

பாதிக்கப்பட்டோருக்குத் தரப்பட்ட இடம்: அழிவுக்குப் பின்னர் வரும் மருத்துவமனையில் குழந்தை ஒன்றின் அருகே கதிரியக்க அளவி ஒலிக்கின்றது. கட்டடத்தின் அடியில் தன் பிள்ளைகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும் தாய், விரைவில் தந்தையிடம் போய்விடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். பத்தாண்டுகளுக்கு முன் வான்குண்டு வீச்சில் உறவினரை இழந்த டோக்கியோ மக்களுக்கு இது கற்பனைக் காட்சியாக இருந்திருக்க இயலாது.

அறிவியலாளரின் பொறுப்பு: பேரழிவைத் தடுக்க இன்னொரு பேரழிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா என்னும் செரிசாவாவின் கேள்விக்குப் படம் எளிய விடை எதனையும் தரவில்லை. கருவி பயன்படுத்தப்படுகின்றது, அதனை அறிந்தவர் இறக்கிறார். ஆனால் குண்டுச் சோதனைகள் நிற்கவில்லை.

தாக்கம்

இதன் தொடர்ச்சி 1955 இல் வெளியானது. தொடரின் முதல் இரு படங்கள் கறுப்பு வெள்ளையிலும், 1962 இல் வந்த மூன்றாவது படம் வண்ணத்திலும் அமைந்தன. பிற்காலப் படங்கள் சிலவற்றில் காட்சில்லா மனிதரைக் காக்கும் நாயகனாகவும் மாறியது. இதுவரை 30 க்கும் மேற்பட்ட படங்கள் வந்துள்ளன. 2023 இல் வெளியான 'காட்சில்லா மைனஸ் ஒன்' போருக்குப் பிந்தைய ஜப்பானைக் களமாகக் கொண்டது. அது 2024 இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பும் 2024 இல் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது.

துணுக்குகள்

- ஜுராசிக் காலம் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என யமனே படத்தில் கூறுகிறார். உண்மையில் அக்காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே முடிவுற்றது.
- யமனேயாக நடித்த டக்காஷி ஷிமுரா, அதே 1954 இல் வெளியான அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் சாமுராய்களின் தலைவராக நடித்தவர். நகஜிமாவும் அப்படத்தில் கொள்ளையருள் ஒருவராகத் தோன்றினார்.
- ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கப் பதிப்பு 1957 இல் ஜப்பானிலும் திரையிடப்பட்டது.
- காட்சில்லாவுக்கு 2004 இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது.
- டைகோ ஃபுக்குரியு மாரு படகு டோக்கியோவில் உள்ள கண்காட்சி மண்டபம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.