நாய்க்குட்டிக்கு பாத்ரூம் பழக்கிய கதை: ஒரு சின்ன வரலாறு

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "அது போன இடத்துக்கே இழுத்துட்டுப் போயி மூக்கைப் பிடிச்சுத் தேய்ப்பா, ஒரு அடி போடு, அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது" என்பதுதான் அதில் முதலிடம். பக்கத்து வீட்டு மாமா சொன்னார், அப்பா தலையாட்டினார், நானும் செய்தேன். பேப்பரைச் சுருட்டி இரண்டு தட்டு. பலன் கிடைக்கத்தான் செய்தது. குட்டி நடு ஹாலில் போவதை நிறுத்திவிட்டு சோபாவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தது :-)

யோசித்துப் பார்த்தால் அது ஒழுங்காகத்தான் பாடம் படித்திருக்கிறது. "வீட்டுக்குள் போகாதே" என்று சொல்லிக் கொடுத்ததாக நான் நினைத்தேன். "இவன் பார்க்கும்போது போகாதே" என்று அது புரிந்துகொண்டது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மூன்று மாடி இறங்கித் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதற்காக அங்கேயும் போகாமல் அடக்கிக்கொண்டு, மேலே வந்ததும் சோபாவுக்குப் பின்னால் ஓடியது. அவசரம் என்று என்னிடம் வந்து சொல்லுமா என்ன? மூத்திரத்துக்கும் என் கையில் இருக்கும் பேப்பருக்கும்தான் அது முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறதே. இந்த மூக்குத் தேய்ப்பு வைத்தியம் எங்கிருந்து வந்தது, எப்போது தப்பு என்று தெரிந்தது என்று தேடப் போய் எங்கெங்கோ போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய ஆள். அலெக்சாண்டரின் படையெடுப்பைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வேட்டை நாய்களைப் பற்றியும் ஒரு சின்ன நூல் எழுதியிருக்கிறார். அதில் ஹோர்மே என்ற தன் நாயைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மனுஷன் ரோமப் பேரரசில் ஒரு மாகாணத்துக்கே ஆளுநராக இருந்தவர். ஆனால் நாயைப் பற்றி எழுதும்போது நம் வீட்டுச் சித்தப்பா மாதிரி உருகுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு காலால் தொடுமாம், அப்புறம் இன்னொரு காலால் தொடுமாம், என் பங்கு எங்கே என்று. தனக்கு என்ன வேண்டும் என்பதைக் குரலை மாற்றி மாற்றிச் சொல்ல அந்த நாய்க்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்த நாய்க்கும் தெரிந்து அவர் பார்த்ததில்லையாம்.

அதே பகுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது ஹோர்மே சாட்டையால் அடி வாங்கியிருக்கிறது. வளர்ந்த பிறகும் யாராவது சாட்டை என்ற சொல்லைச் சொன்னால் போதும், சொன்னவரிடம் பதுங்கிப் பதுங்கி வந்து, வாயோடு வாய் வைத்து, கழுத்தில் தொங்கி, அவர் கோபம் தணிகிற வரைக்கும் விடாதாம். அரியன் இதைப் பாசமாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு மட்டும் சோபாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு கண்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கிட்டத்தட்ட 1800 வருடங்களை ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். 1910இல் ஜெர்மன் காவல்துறை அதிகாரி கொன்ராட் மோஸ்ட் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரொம்பக் கண்டிப்பான முறை. ஆனால் ஒரு விஷயத்தை அந்தக் காலத்திலேயே சரியாகப் பிடித்திருந்தார்: பரிசோ தண்டனையோ, செயல் நடக்கும் அந்தக் கணத்திலேயே வந்து சேரவேண்டும். அமெரிக்காவில் தார்ண்டைக் 1898லேயே பூனைகளையும் நாய்களையும் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்து, ஒரு செயலுக்குப் பின்னாலேயே நல்லது நடந்தால் அந்தச் செயல் பதிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்.

இதை பி.காம் படிக்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். மேட்சிங் கான்செப்ட் படித்திருக்கிறோம் இல்லையா, வருமானம் எந்தக் காலத்தில் வருகிறதோ அதற்கான செலவையும் அதே காலத்தில் எழுதவேண்டும் என்று. நாய் அதை நம்மைவிடக் கறாராகப் பின்பற்றுகிறது. அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு காலம் என்பது ஓரிரு விநாடிதான். காலை பத்து மணிக்கு நடந்ததற்கு மாலை ஐந்து மணிக்கு வந்து அடித்தால், அது மாலை ஐந்து மணிக் கணக்கில்தான் எழுதப்படும். அந்த நேரத்தில் குட்டி என்ன செய்துகொண்டிருந்தது? வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு நம்மை வரவேற்க வந்தது.

"இல்லையில்லை, அதுக்குத் தெரியும், முகத்தைப் பாரு, தப்பு பண்ணின முழி" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். 2009இல் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இந்த முழியைச் சோதித்துப் பார்த்தார். 14 வளர்ப்பு நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போகவேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ, சமர்த்தாக இருந்தது என்றோ அவருக்குச் சொல்லப்படும். சில சமயம் சொல்வது பொய். திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முழி முழித்தன. தின்றதா இல்லையா என்பதற்கும் முழிக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் சொன்னால், ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாக இருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, அடிக்காமல் எப்படிப் பழக்குவது? பாதி வேலை குட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம். பிறந்த முதல் சில வாரம் குட்டியால் தானாகப் போகக்கூட முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், தாயே சுத்தமும் செய்துவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல வருடம் வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார்கள். சுமார் மூன்று வாரத்தில் குட்டி படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் இருக்க ஆரம்பிக்கிறது. எட்டு ஒன்பது வாரத்தில் அதற்கென்று ஒரு இடத்தையே வைத்துக்கொள்கிறது. படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் செய்யவேண்டியது, "படுக்கிற இடம்" என்றால் இந்த முழு வீடும்தான் என்று அதற்குப் புரியவைப்பது.

இந்த இயல்பை மனிதர்கள் எந்த அளவுக்கு இழுத்துப் பார்த்தார்கள் என்பதற்கு லைக்கா கதை இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான், ஆனால் பாத்ரூம் விஷயத்தை யாரும் பேசுவதில்லை. மாஸ்கோ தெருக்களில் பிடித்த நாய்களில் சோவியத்காரர்கள் பெண் நாய்களையே தேர்ந்தெடுத்தார்கள். காலைத் தூக்க இடம் வேண்டியதில்லை, கழிவு சேர்க்கும் கருவியும் அவற்றுக்குத்தான் பொருந்தியது. பிறகு பயிற்சி. சின்னக் கூண்டு, அதைவிடச் சின்னக் கூண்டு என்று மாற்றி மாற்றி 20 நாள் வரை அடைத்து வைத்தார்கள். நாய்கள் மூத்திரமும் மலமும் போவதையே நிறுத்திவிட்டன. பேதி மருந்து கொடுத்தும் சரிவரவில்லை. படுக்கிற இடத்திலேயே போக மனசில்லை, வெளியே விடு என்று சொல்லவும் வழியில்லை. 1957 நவம்பர் 3இல் லைக்கா ஸ்புட்னிக் 2இல் ஏறியது. வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே இறந்துபோனது என்பது 2002இல்தான் வெளியே வந்தது. பயிற்சி கொடுத்த விஞ்ஞானிகளில் ஒருவரான காசென்கோ, அந்த நாய் செத்ததற்கு ஈடாக நாங்கள் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று 1998இல் வருத்தப்பட்டிருக்கிறார். கூண்டில் விட்டுப் பழக்குவது நல்ல முறை என்று இன்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. கூண்டு நல்லதுதான், திறந்துவிடும் ஆள் பக்கத்தில் இருக்கும்வரை.

மாற்றம் எப்படி வந்தது என்பது நீண்ட கதை, வேகமாகச் சொல்கிறேன். உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், "டிக்" என்று சத்தம் போடும் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்தே நாய்க்கு எதையும் கற்றுக்கொடுக்கலாம் என்று எழுதினார். சத்தம் வந்தால் தின்பண்டம் வரும், அவ்வளவுதான். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1962இல் கூட அமெரிக்காவில் கோஹ்லர் என்பவரின் புத்தகம் சக்கைப்போடு போட்டது. தோட்டத்தைத் தோண்டுகிற நாயின் தலையைத் தண்ணீர் நிரப்பிய அதே குழிக்குள் அழுத்து என்பது மாதிரியான வைத்தியங்கள். ஹவாயில் டால்பின் பழக்கிக்கொண்டிருந்த கேரன் பிரையர்தான், விசிலும் மீனும் வைத்துச் செய்ததை நாய்க்குச் செய்தால் என்ன என்ற எண்ணத்தைப் பரவலாக்கினார். அவர் புத்தகம் வந்தது 1984இல். டால்பினை மூக்கைப் பிடித்துத் தேய்க்க முடியாது, அது பாட்டுக்கு நீந்திப் போய்விடும் :-) 1982இல் கலிஃபோர்னியாவில் இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் சின்னக் குட்டிகளுக்கென்றே வகுப்பு ஆரம்பித்தார். அதுவரை ஆறு மாதம் ஆனால்தான் பயிற்சி என்ற வழக்கம். அவர் சொன்னது எளிது: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போ, போனதும் அந்த நிமிஷமே தின்பண்டம் கொடு.

கடைசியாக, சொல்லிவிட்டுப் போவது. 2000இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் மிக்லோசி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எட்டாத இடத்தில் தீனி ஒளித்துவைப்பதை நாய் பார்க்கும், உரிமையாளர் பார்க்கமாட்டார். அவர் உள்ளே வந்ததும் நாய் அவரைப் பார்க்கிறது, இடத்தைப் பார்க்கிறது, மறுபடி அவரைப் பார்க்கிறது. 2003இல் மனிதர்கள் கையிலேயே வளர்ந்த ஓநாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திறக்க முடியாத பெட்டி என்றால் நாய் திரும்பி மனிதன் முகத்தைப் பார்க்கும். ஓநாய் பெட்டியோடுதான் மல்லுக்கட்டும். ஹோர்மே ஒவ்வொரு காலாகத் தொட்டதும் இதே ஜாதிதான். என் குட்டியும் முதல் நாளிலிருந்தே கதவைப் பார்த்து என்னைப் பார்த்திருக்கும். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதனால் மணி. ஆட்டுக்கழுத்தில் கட்டுகிற சின்ன மணி ஒன்று வாங்கி, வாசல் கதவில் குட்டியின் மூக்கு உயரத்துக்குக் கட்டினேன். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் மூக்கு அதில் படவேண்டும், பட்டதும் கதவு திறக்கும். பாவ்லோவ் என்றதும் எல்லாரும் மணியைத்தான் சொல்வார்கள் (அவர் மெட்ரோனோம், மின்சார பஸ்ஸர் என்று பலதும் பயன்படுத்தினார்). அங்கே மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும், இங்கே மணி அடித்தால் நான் செருப்பைத் தேடுகிறேன்.

பேப்பர் தட்டின பயம் போகவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அப்போதுதான் போகும். முதல் முறை அதுவாக மணி அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரைக்கு. அப்பா யாரோ வந்திருக்கிறார்கள் என்று சட்டையைத் தேடினார். இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை அடிக்கிறது, பாதிக்கு மேல் கீழே இருக்கும் பூனையைப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.