அடிக்காசுச் சீட்டும் பத்தாயிரம் ரூபாயும்

அடிக்காசு என்றால் என்னவென்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து இதைப் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வரி. சந்தையிலும் தெருவோரத்திலும் தரையில் இடம் பிடித்து விற்பவரிடம் நகராட்சியின் பெயரால் அன்றாடம் வாங்கும் கட்டணம் அது. பெரும்பாலும் குத்தகைக்காரரின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு ஒரு சிறு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சீட்டில் தொகை இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்காது.

அந்தப் பெயரில்லாத சீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 2020-இல் கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது, சிறு வியாபாரிகளுக்கு அரசு அவசரமாகப் பணம் கொடுக்க முன்வந்தது. நம் நாட்டிலும் கொடுத்தார்கள், பிரான்சிலும் கொடுத்தார்கள். பணம் யாரை எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது என்பதைத் தீர்மானித்தது அரசின் கருணை மட்டுமல்ல. அதற்கு முன்பே எழுதி வைத்திருந்த பதிவேடு. குமாஸ்தாவாக வாழ்நாளைக் கழித்தவன் வேறு எதைச் சொல்வான் என்று சிரிக்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

முதலில் பிரான்சு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் அரசாணைகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791 மார்ச்சில், தலார்த் சட்டம் என்று ஒன்று வந்தது. அதுவரை ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமானால் அந்தத் தொழிலுக்குரிய சங்கத்தின் தயவு வேண்டும். புதிய சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாம். ஆனால் 'பத்தாந்த்' என்ற உரிமச் சீட்டை வாங்கி அதற்குரிய வரியைக் கட்ட வேண்டும். சுதந்திரத்தையும் சீட்டையும் ஒரே கையால் கொடுத்தார்கள். பிறகு 1919-இல் வணிகர் பதிவேடு வந்தது. 1973-இல் ஒவ்வொரு தொழிலகத்துக்கும் 14 இலக்கங்கள் கொண்ட 'சிரெத்' என்ற எண்ணைக் கொடுத்தார்கள். வண்டியில் வைத்துச் சந்தை சந்தையாக விற்பவருக்கும் பதிவும் எண்ணும் உண்டு.

2020 மார்ச் 14 நள்ளிரவில் அங்கே உணவகங்களை மூடினார்கள். 23-ஆம் தேதி திறந்தவெளிச் சந்தைகளுக்கும் தடை வந்தது. 25-ஆம் தேதியே 'ஃபோன் த சோலிதாரித்தே' என்ற நிதியை ஏற்படுத்தி அவசரச் சட்டம் போட்டார்கள். தமிழில் கூட்டொருமை நிதி எனலாம். 10 பேருக்கு மேல் ஊழியர் இல்லாத, ஆண்டு விற்றுமுதல் 10 இலட்சம் யூரோவுக்குக் குறைவான தொழில்கள். அரசு மூடச் சொன்ன கடையாக இருக்க வேண்டும், அல்லது முந்தைய ஆண்டு மார்ச்சோடு ஒப்பிட்டால் வியாபாரம் 70 விழுக்காடு விழுந்திருக்க வேண்டும். அந்த 70-ஐ விரைவிலேயே 50 ஆக்கிவிட்டார்கள். உதவி 1,500 யூரோ வரை. கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். அதற்கு மேலும் முடியாமல் தவித்தவருக்கு 2,000 யூரோவிலிருந்து 5,000 யூரோ வரை இரண்டாவது தொகை. அந்த இரண்டாவது விண்ணப்பத்தைப் பரிசீலித்தது பாரீசில் உள்ள நடுவண் அரசு அல்ல, அந்தந்த வட்டாரத்தின் உள்ளாட்சி மன்றம். நிதியிலும் அவர்களுடைய பங்கு உண்டு.

பாரீசில் சிறிய உணவுக் கடை வைத்திருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன், ஏப்ரல் மாதம் வீட்டிலிருந்தபடியே வரித்துறையின் இணையப் பக்கத்தில் தன் எண்ணை அடித்து விண்ணப்பித்தான். சில நாட்களில் பணம் வங்கிக்கு வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னான். அவன் கடைக்கு அருகில் ரயிலடி வாசலில் பழம் விற்ற, எந்தப் பதிவும் இல்லாத மனிதருக்கு ஒரு காசும் இல்லை. பதிவேடு யாரைத் தாங்கும், யாரைக் கைவிடும் என்பதற்கு அந்த ஒரு தெருவே போதும்.

இனி நம் நாடு. இங்கே தெரு வியாபாரியின் கதை உரிமத்தில் தொடங்கவில்லை, விரட்டலில் தொடங்கியது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பார் காவல்காரர். ஆக்கிரமிப்பு என்பார் நகராட்சிக்காரர். தராசைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1985-இல் பம்பாய் நடைபாதை வியாபாரிகளின் வழக்கில், விற்கும் இடம், விற்கக் கூடாத இடம் என்று பிரித்து ஒழுங்கு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989-இல் டெல்லி ஜன்பத் அருகே நடைபாதையில் ஆயத்த ஆடை விற்ற சோதன் சிங் என்பவரின் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பு தரும் தொழில் உரிமைதான், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. 2004-இலும் 2009-இலும் தேசியக் கொள்கைகள் எழுதப்பட்டன. சட்டமாக வந்தது 2014-இல்.

அந்தச் சட்டத்தைப் படித்தால் நல்ல எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்ததுபோல இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் தர வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. நடைமுறைதான் ஊருக்கு ஊர் இழுத்துக்கொண்டே போனது. அதிகாரிகளின் சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நம்மவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். வியாபாரிகளே கணக்கெடுப்பைக் கண்டு பயந்தார்கள். கையில் காகிதக் கட்டோடு ஒருவர் வந்து பெயர் கேட்டால், நாளைக்கு லாரி வரப்போகிறது என்று அர்த்தம். இத்தனை வருட அனுபவம் அவர்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் கணக்கெடுப்பு நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நம் ஊருக்கென்று ஒரு குறையும் இருந்தது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை, ஆணையர்தான் எல்லாம். ஆக, கொரோனா வந்தபோது 'என் பெயரை ஏன் சேர்க்கவில்லை' என்று ஒரு கீரைக்காரி போய்க் கேட்க வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. கடற்கரைச் சாலையில் மேரி இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். மன்றம்தான் இன்னும் திரும்பவில்லை.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மே 14 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தெரு வியாபாரிகளுக்கான கடன் திட்டத்தை அறிவித்தார்: 50 இலட்சம் பேருக்கு 5,000 கோடி ரூபாய். ஜூன் 1-ஆம் தேதி 'பிஎம் ஸ்வநிதி' என்ற பெயரில் திட்டம் வந்தது. அடமானம் இல்லாமல் 10,000 ரூபாய் வரை, ஓராண்டில் தவணையாகத் திருப்ப வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 விழுக்காடு மானியம். கைப்பேசி வழியாகப் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை. முதல் கடனை அடைத்தவருக்கு அடுத்தது 20,000, அதற்கடுத்தது 50,000 என்று பின்னால் விரித்தார்கள்.

பணத்தைக் கொடுப்பது வங்கி. ஆனால் 'இவர் வியாபாரிதான்' என்று சொல்ல வேண்டியது நகராட்சி. இங்கேதான் 2014-இல் எழுதியிருக்க வேண்டிய பதிவேடு திரும்பி வந்து நின்றது. வியாபாரிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சான்றோ அட்டையோ கையில் இருப்பவர் முதல் வகை. கணக்கெடுப்பில் பெயர் இருந்தும் சான்று கிடைக்காதவர் இரண்டாம் வகை. கணக்கில் விடுபட்டவர் மூன்றாம் வகை. சுற்றுப்புறக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து விற்பவர் நான்காம் வகை. பின்னிரண்டு வகைக்கும் நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். காட்ட எதுவுமே இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் ஒரு விண்ணப்பம் போதும்; நகராட்சி நேரில் விசாரித்து 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இந்த வெள்ளைத் தாள் விதியை எழுதியவர் யாரோ, அவருக்குத் தெருவைத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாள் நான்காம் வகை. ஊர் எல்லைக்கு அப்பால் விழுப்புரம் மாவட்டக் கிராமம். நம் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வயலில் ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. ஆதார் அட்டை அங்கே, கூடை இறக்குவது இங்கே. காலையில் சந்தை வாசலில் விற்றுவிட்டு மீதியைத் தெருவில் விற்பார். திட்டத்தைப் பற்றிச் சொன்னதும் சுருக்குப்பையிலிருந்து நான்கைந்து கசங்கிய அடிக்காசுச் சீட்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இதுல பேரு இல்லியேம்மா" என்றேன்.

"ஐயா, வருசக்கணக்கா தெனமும் காசு குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். அது அவங்க கணக்குல இல்லியா?"

நியாயமான கேள்வி. நகராட்சிக்கு அவர் காசு தெரிந்திருந்தது, அவரைத் தெரியவில்லை. வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பரிந்துரைக் கடிதம் வந்தது. 15 நாளில் இல்லை, ஆனாலும் வந்தது. அடுத்து ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும் என்றார்கள். இருந்தது மகனுடைய எண், அதுவும் பழையது. அதை மாற்ற இரண்டு நாள் கூலி போயிற்று. பிறகு வங்கி. புதுச்சேரியில் ஒரு கிளையில் "விலாசம் தமிழ்நாடு, அங்கே போங்கள்" என்றார்கள். ஊர்ப்பக்கத்துக் கிளையில் "வியாபாரம் புதுச்சேரி, அங்கே போங்கள்" என்றார்கள். நான்காம் வகை என்று ஒன்றை விதியிலேயே வைத்திருப்பது இப்படிப்பட்டவருக்காகத்தான் என்று விதியின் நகலோடு நான் போய்ப் பேச வேண்டியிருந்தது. கடன் கைக்கு வந்தது 2021 தை மாதம், பொங்கல் முடிந்து.

அந்தப் பணத்தில் அவர் முதலில் கீரை வாங்கவில்லை. தண்டலை அடைத்தார். தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கோ மாதம் ஏறத்தாழ 900 ரூபாய். கொள்முதலுக்கென்று கொடுத்த பணத்தைப் பழைய கடனுக்குப் போட்டது தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஊரடங்கில் அடுப்பு எரிய வாங்கிய கடன் அது. அதை அடைத்த பிறகுதான் நாள் வருமானம் முழுதாக அவர் கையில் நின்றது. அந்த வகையில் திட்டம் அவருக்கு உதவியது என்றே சொல்வேன். மே மாத இரண்டாம் அலையில் இரண்டு தவணை தவறியது; பிறகு கட்டி முடித்தார்.

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. பிரான்சில் கொடுத்தது உதவித்தொகை, நாம் கொடுத்தது கடன். அங்கே சில நாட்கள், இங்கே பல மாதங்கள். அவர்கள் பணக்கார நாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். தொகைக்கு அது பொருந்தும். தாமதத்துக்குப் பொருந்தாது. தாமதத்துக்குக் காரணம் பணமில்லாமை அல்ல, பெயரில்லாமை. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கச் சட்டம் சொன்னது 2014-இல். அதைச் செய்திருந்தால் 2020-இல் அந்த அம்மாள் முதல் வகையில் இருந்திருப்பார்.

திட்டம் வீண் போகவில்லை. 2025 ஜூலை முடிவில் நாடு முழுவதும் 68 இலட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரிகளுக்கு 96 இலட்சத்துக்கும் அதிகமான கடன்கள், 13,797 கோடி ரூபாய். அந்த ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாவது 50,000 மாறவில்லை. பெருந்தொற்றுக்காக அவசரமாகப் போட்ட திட்டம் நிரந்தரத் திட்டம்போல ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், அந்தக் கடனைவிடப் பெரிய லாபம், அதைச் சாக்கிட்டு இலட்சக்கணக்கான பெயர்கள் நகராட்சிகளின் ஏட்டில் ஏறியதுதான்.

உங்கள் வாசலுக்கு வரும் பூக்காரரிடமும் மீன்காரரிடமும் விற்பனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஓய்வூதியக்காரர்களான நமக்கு வெள்ளைத் தாளுக்கும் பேனாவுக்கும் பஞ்சமில்லை, நேரத்துக்கும் பஞ்சமில்லை. அடுத்த புயலோ அடுத்த நோயோ வருவதற்குள் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்ல மறக்காதீர்கள்.