பொம்மைப் படையும் பாக்கெட் மணியும்

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு ஆட வேண்டும். எந்தப் படையைச் சேர்ப்பது? பெரும்பாலும் முடிவு செய்தது வீரமல்ல, விலை!

1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டியது. பொம்மைக்குள்ளே வெற்றிடம். உலோகம் மிச்சமானது, விலையும் இறங்கியது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் (விண்வெளிக் கதைகள் எழுதிய அதே வெல்ஸ்தான்) 'லிட்டில் வார்ஸ்' என்று விதிநூல் எழுதியதும் இத்தகைய சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி விளையாடித்தான்.

1959-ல் ஏர்ஃபிக்ஸின் குட்டி பிளாஸ்டிக் சிப்பாய்கள் வந்தார்கள். பள்ளிப் பையனின் பாக்கெட் மணிக்கே ஒரு பட்டாளம் கிடைத்தது. ஆனால் கம்பெனி எதை வெளியிட்டதோ அதுதான் படை. வேறு நாட்டுப் படை வேண்டுமென்றால் தொப்பியை வெட்டி, தலையை மாற்றி ஒட்ட வேண்டும். அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் அடித்த பெயின்ட்டோ, கொஞ்சம் வளைந்தாலே உதிர்ந்துவிடும்.