பெயில் - ஒரு சொல்லின் ஜாதகம்

மார்க் ஷீட்டுல பார்த்து நாம நடுங்கின சொல்தான். ஆனா 'பெயில்' என்பதன் பூர்வீகத்தைத் தோண்டினா பரீட்சையே வராது மக்களே. லத்தீன்ல 'ஃபால்லெரே'ன்னா ஏமாற்றுவது. ஃபால்ஸ், ஃபால்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சு வழியா 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. நாங்க ஆபீஸ்ல தினமும் புழங்குற 'டீஃபால்ட்' கூட பங்காளிதான். நீங்க எதையும் தேர்ந்தெடுக்கத் தவறினா என்ன நிக்குதோ, அதான் டீஃபால்ட் :)

விஷயம் சூடு பிடிக்கிறது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல. அப்போ 'ஃபெயிலியர்'னா பெரும்பாலும் யாவாரம் நொடிச்சுப் போறது, நம்மூர் பாஷைல மஞ்ச நோட்டீஸ். அது ஒரு சம்பவம், அவ்ளோதான். ஒரு மனுஷனையே 'இவன் ஒரு ஃபெயிலியர்'னு சொல்ற வழக்கம் பிற்பாடு பரவினது.

1837ல அங்கே பெரிய பணமுடை. நியூயார்க்ல பட்டு யாவாரம் பண்ணின டாப்பன் சகோதரர்கள் கடையும் படுத்துடுச்சு. தம்பி லூயிஸ் டாப்பன் (அடிமை முறையை எதிர்த்துப் போராடின நல்ல மனுஷன்தான்) 1841ல 'மெர்கண்டைல் ஏஜென்சி' ஆரம்பிச்சார். ஊர் ஊரா வக்கீல்களைப் பிடிச்சு, எந்தக் கடைக்காரர் நாணயமானவர், எவர் குடிப்பார், யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம்னு எழுதி வாங்கி, பெரிய பேரேடுகள்ல ஏத்தினாங்க. 2,500க்கும் மேல அந்தப் பேரேடுகள் இன்னிக்கும் ஹார்வர்டுல இருக்கு. கம்பெனியும் இருக்கு, 'டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்'ங்கிற பேர்ல.

கடை போனா திரும்பத் திறக்கலாம். பேரேட்டுல ஏறின பேரை எப்படி அழிக்கிறது? சம்பவம் ஆளோட அடையாளமா மாறினதுக்கு இந்தப் பேரேடுகளும் ஒரு காரணம்னு ஸ்காட் சாண்டேஜ் 2005ல வந்த 'பார்ன் லூசர்ஸ்' புத்தகத்துல விரிவா வாதாடுறார். எனக்குச் சரின்னுதான் படுது. தானே நொடிச்சுப் போனவர் கையாலயே இது நடந்ததுதான் உறுத்துது. நாமளும் 'அவன் கணக்குல பெயிலாயிட்டான்'னு ஆரம்பிச்சு, ரெண்டே நாள்ல 'அவன் பெயில்'னு சுருக்கிடறோமே!

கொசுறு: இணையத்துல 2008 வாக்கில் பத்திக்கிட்ட 'எபிக் ஃபெயில்' கூத்துக்கு மூலம், 1998ல வந்த 'பிளேசிங் ஸ்டார்'ங்கிற ஜப்பானிய விளையாட்டுன்னு சொல்றாங்க. தோத்தா திரையில 'யூ ஃபெயில் இட்'னு ஓட்டை இங்கிலீஷ்ல வரும்.