தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க, மாநில அரசு உலக வங்கியின் கடனுதவியுடன் நடத்திய திட்டம். முதற்கட்டம் 1980 முதல் 1989 வரையிலும், இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரையிலும் நடந்தன. மாதந்தோறும் எடை பார்ப்பது, மிகவும் நலிந்த அல்லது எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் இணை உணவு தருவது, தாய்க்கு அறிவுரை கூறுவது, நோய்த்தடுப்பும் சிகிச்சையும் அளிப்பது ஆகிய பணிகளை ஊருக்குள்ளேயே ஒரு மையத்தில் சேர்த்துச் செய்தது இதன் தனித்தன்மை.

முன்வரலாறு

குழந்தைகளுக்கு அரசு உணவளிக்கும் மரபு தமிழ்நாட்டில் பழையது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் முதலமைச்சர் காமராசர் அதை மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார். இவை பள்ளிக்கு வரும் வயதுப் பிள்ளைகளின் பசியை ஆற்றின. அந்த வயதை எட்டுவதற்கு முன்பே நலிந்துபோன குழந்தைகளுக்கு இவற்றால் பயன் இல்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் நடந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது. வீட்டில் நெல் இருப்பதால் மட்டும் கைக்குழந்தையின் வயிறு நிறைந்துவிடாது என்பதை அது எடுத்துரைத்தது. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. ஆனால் பல வீடுகளில் குழந்தைக்கு மசித்த சோறும் பருப்பும் ஒரு வயதுக்குப் பிறகே கிடைத்தன. பிரசவித்த முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உணவையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். நாள் முழுதும் வயல்வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பிள்ளையை அருகிலிருந்து ஊட்டி வளர்க்க நேரம் இல்லை. மூளையும் உடலும் மிக வேகமாக வளரும் காலத்தில் நேரும் இந்த இழப்பைப் பள்ளி உணவால் முழுதும் ஈடுகட்ட முடியாது.

1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதன் வழியாக அங்கன்வாடிகள் வந்தன. தமிழகக் கிராமத்தார் இன்றும் அவற்றைப் பால்வாடி என்றே சொல்கிறார்கள். அங்கும் மூன்று வயதைக் கடந்து தானே நடந்துவரும் பிள்ளைகளே பெரும்பாலும் பயன்பெற்றார்கள்.

முதற்கட்டம்

1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. பின்னர் ஊட்டச்சத்து நிலை மோசமாக இருந்த மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. முதற்கட்ட முடிவில் 173 வட்டாரங்களில் ஏறத்தாழ 9,000 மையங்கள் இயங்கின.

ஏறக்குறைய 1,500 பேர் வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது கணக்கு. அதே ஊரைச் சேர்ந்த பெண் ஒருவர் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராக அமர்த்தப்பட்டார். தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்த தாயாக அவர் இருப்பது விரும்பப்பட்டது. ஊரார் அவர் சொல்லைக் கேட்பதற்கு அதுவே முதல் தகுதி. சுமார் பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஊர்ப் பெண்களைக் கொண்ட மகளிர் பணிக்குழுக்கள் எடை பார்க்கும் நாளில் தாய்மாரை அழைத்துவந்தன. சில இடங்களில் இணை உணவையும் தயாரித்தன.

ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் மாதம் ஒருமுறை எடை பார்க்கப்பட்டது. எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறித்துக் கோடிட்டுத் தாய்க்குக் காட்டினார்கள். கோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது. படுத்தாலோ சரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். குழந்தை எலும்பும் தோலுமாகும் வரை காத்திராமல், எடை கூடுவது நின்றதுமே தலையிட்டதுதான் இத்திட்டம் உலகுக்கு அளித்த பாடம். மிகவும் நலிந்திருந்த குழந்தைகளும் எடை ஏறாத குழந்தைகளும் குறைந்தது 90 நாட்கள் இணை உணவு பெற்றார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை அது. தேறியதும் உணவு நிறுத்தப்பட்டது. தேறாத குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. குடற்புழு நீக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி ஆகியவையும் உடன் நடந்தன.

1982 ஜூலை 1இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கிராமப்புறச் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது நிறைந்த பிள்ளைகள் முதல் தொடக்கப்பள்ளி மாணவர்கள் வரை இதனால் நாள்தோறும் சூடான மதிய உணவு பெற்றார்கள். ஒரே கிராமத்தில் இரு திட்டங்களும் அருகருகே இயங்கின. ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவளித்தது. மற்றொன்று வளர்ச்சி தடைப்பட்ட சிறு குழந்தையைத் தேடிப் பிடித்தது.

இரண்டாம் கட்டம்

இரண்டாம் கட்டம் 316 வட்டாரங்களை எட்டியது. ஆறு வயது வரையிலான பிள்ளைகளும் இதற்குள் வந்தார்கள். கர்ப்பிணிகள் மீதான கவனமும், சத்துணவு மையங்களின் முன்பருவக் கல்வியோடு இணைப்பும் கூடின. 1997இல் இக்கட்டம் முடிந்தபின் மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் சேர்ந்தன.

விளைவுகளும் குறைகளும்

திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் காட்டின. ஒரு நேரத்தில் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கே உணவு தேவைப்பட்டதால் செலவும் கட்டுக்குள் இருந்தது. ஆனால் மிதமான ஊட்டச்சத்துக் குறைவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. உருண்டை கொடுப்பது ஒழுங்காக நடந்த அளவுக்கு, வீட்டில் ஊட்டும் முறையை மாற்றும் அறிவுரைப் பணி வலுப்பெறவில்லை. எடை குறைந்து பிறக்கும் சிசுக்களின் சிக்கலும் தாயின் உடல்நலத்தோடு பின்னியிருந்ததால் எளிதில் தீரவில்லை.

பிற்காலம்

தமிழ்நாட்டில் இன்று 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்கும் சத்துமாவு இவற்றின் வழியே வீடுகளுக்குச் செல்கிறது. 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் கடுமையாக நலிந்த குழந்தைகளுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட நலிந்த சிசுக்களின் தாய்மாருக்கும் தனிக் கவனம் தருகிறது. ஊட்டச்சத்துக் குறைவுள்ள பச்சிளம் குழந்தையின் தாய்க்குச் சத்து சேர்ப்பதே சரியான வழி என்ற அறிவு இப்போது அரசுத் திட்டமாகவே ஆகியிருக்கிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2005-06இல் 30.9 விழுக்காடு; 2019-21இல் 25 விழுக்காடு. இந்திய அளவைவிட இது நல்ல நிலையே. ஆயினும் 2019-21 கணக்கெடுப்பில் நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியே இருந்தது; 57.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இரத்தசோகை இருந்தது. மாதம் தவறாத எடை, உரிய வயதில் தாய்ப்பாலோடு மசித்த உணவு, தாயோடு பேச நேரமுள்ள பணியாளர் ஆகிய மூன்றும் கொட்டாம்பட்டியில் தேவைப்பட்டது போலவே ஒவ்வோர் ஊரிலும் இன்றும் தேவைப்படுகின்றன.